ஒன்பது ஆண்டை ஆறு வாரத்திற் காணல்

நாம் பௌதிகம் கற்பிக்கும் வகுப்பில் ஒருநாட் காலை மாணவனொருவன் சிறு கடதாசிப் பெட்டியொன்றைக் கொண்டுவந்து மேசைமீது வைத்தான். உள்ளே, அணைந்துபோன எல்.ஈ.டி. மின்குமிழ் ஒன்று இருந்தது. பெட்டியின் புறத்தே "ஆயுள் 15,000 மணித்தியாலம்" என அச்சிடப்பட்டிருந்தது.

"சேர், அம்மா இரவிலே இந்த வெளிச்சத்தில்தான் தைக்கிறவ. விலை கூடினாலும் கனகாலம் உழைக்கும் என்று நம்பி வாங்கினோம். ஒரு வருடமும் சில கிழமையும்தான் எரிந்தது. பெட்டியிலே போட்டிருப்பது பொய்யா?" என்று கேட்டான்.

நாம் கரும்பலகையிற் கணக்கை எழுதினோம். இரவொன்றுக்கு 5 மணித்தியாலம் எரித்தால் 15,000 மணித்தியாலம் என்பது 3,000 இரவுகளாகும். அதாவது எட்டு ஆண்டுக்கும் அதிகம். அப்பொழுது பின்வாங்கில் இருந்த மற்றொருவன் எழுந்தான். "இரவு பகலாக எரித்துப் பார்த்தாலும் 625 நாள் செல்லுமே, சேர். அவ்வளவு நாளும் பார்த்துவிட்டா விற்கிறார்கள்?" என்றான்.

முதலாமவன் கேட்டது நம்பிக்கை பற்றிய வினா. இரண்டாமவன் கேட்டது அறிவு பற்றிய வினா. பின்னதற்கு விடை கண்டாலன்றி முன்னதற்கு நீதியான விடை கூறுதல் இயலாது. அன்று வகுப்பிற் கூறியவற்றையும், மணியடித்தமையாற் கூறாது விட்டவற்றையும் ஈண்டு வாசகர்களுக்கும் மாணவர்களுக்கும் எடுத்துரைக்க விழைகின்றோம்.

காத்திருந்து அறிந்த காலம்

ஒரு பொருள் எத்தனை காலம் உழைக்கும் என்பதை அறிய நேரான வழி, அதனை உழைக்கவிட்டுக் காத்திருத்தலேயாகும். அவ்வாறு காத்திருந்து வெற்றி கண்டவர்களும் உளர்.

1956ஆம் ஆண்டு செப்டெம்பர் 25ஆந் திகதி அத்திலாந்திக் சமுத்திரத்தின் அடியாகச் செல்லும் முதலாவது தொலைபேசிக் கம்பிவடம் திறந்துவைக்கப்பட்டது. ஸ்கொத்லாந்தின் ஓபன் நகருக்கும் நியூபவுண்ட்லாந்தின் கிளாரன்வில் நகருக்கும் இடையில், போக ஒன்றும் வர ஒன்றுமாக இரு வடங்கள் இடப்பட்டன. நெடுந்தூரம் செல்லும் குரல் தேய்ந்துபோகாதிருக்க, ஒவ்வொரு வடத்திலும் 51 பெருக்கிகள் இணைக்கப்பட்டிருந்தன. பெருக்கி ஒன்றில் 3 வெற்றிடக் குழாய்கள். ஆக மொத்தம் 306 குழாய்கள். இவை கடலின் அடித்தளத்திற் கிடப்பவை. ஒன்று கெட்டாலும் கப்பலை அனுப்பி வடத்தை மேலே தூக்கியே திருத்த வேண்டும். ஆதலால் இருபது ஆண்டுகள் பழுதின்றி இயங்கவேண்டும் என்பது பொறியியலாளரின் குறிக்கோளாயிற்று.

இதற்கு அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தினர் கையாண்ட உபாயம் சிந்திக்கத்தக்கது. அக்காலத்துப் புதிய குழாய்களை அவர்கள் விரும்பவில்லை. பல ஆண்டுகளாக ஆய்வுகூடத்தில் எரியவிட்டுக் கவனித்துவந்த பழைய அமைப்பையே தெரிந்தனர். அதனையும் அதன் முழு வலுவுக்கு உழைக்கவிடாது, மெல்லென இயங்கும்படி அமைத்தனர். கீ வெஸ்டுக்கும் ஹவானாவுக்கும் இடையே 1950இல் இட்ட குறுகிய வடமொன்றில் முன்னோட்டமும் பார்த்தனர். பலன் யாது? அத்திலாந்திக் வடம் 1978 வரை, அதாவது இருபத்திரண்டு ஆண்டுகள் சேவையாற்றி ஓய்ந்தது.

ஆயின் இவ்வழி எல்லார்க்கும் உரியதன்று. அதே ஆய்வுகூடத்தில் 1947 டிசெம்பரில் திரான்சிஸ்டர் பிறந்தது. அதன்பின் இலத்திரனியற் கலை ஓடிய வேகத்தில், ஒரு சாதனத்தை இருபது ஆண்டு சோதித்து முடிக்குமுன் அது பழம்பொருளாகிவிடும் நிலை வந்தது. நல்லதென்று சான்றிதழ் வரும் வேளையில் வாங்குவாரும் இரார், செய்வாரும் இரார். எனவே காலத்தை விரைவுபடுத்தும் வழியொன்றைத் தேடவேண்டியதாயிற்று.

வாழைக்குலையும் வெப்பமும்

காலத்தை விரைவுபடுத்தல் நமது வீடுகளுக்குப் புதியதன்று. வாழைக்குலையைக் கிடங்கில் வைத்துப் புகையூட்டிப் பழுக்கவைத்தலை நம்மவர் அறிவர். மரத்தில் நாட்செல்லும் காரியம் கிடங்கில் விரைவில் முடிகின்றது. ஆனால் பதம் தெரியாதவன் நெருப்பை மிகுதியாக மூட்டினால் என்னாகும்? காய் பழுப்பதில்லை, வெந்துவிடும். பழுத்தலை விரைவுபடுத்துதல் வேறு. பழுத்தலை வேறொன்றாக மாற்றிவிடுதல் வேறு. வாசகர்கள் இவ்வேறுபாட்டை மனத்திலிருத்தல் வேண்டும். நாம் மேற்கூறப்போவன யாவும் இதன்மேலேயே நிற்கின்றன.

இலத்திரனியற் சாதனங்களின் மூப்பும் பெரும்பாலும் மெதுவான இரசாயன, பௌதிக மாற்றமே. ஒடுக்கியினுள் இருக்கும் திரவம் உலர்கின்றது, உலோகம் ஒட்சியேறுகின்றது, குறைகடத்தித் துண்டின் மேலுள்ள மெல்லிய உலோகக் கோடுகளில் ஓடும் இலத்திரன்கள் உலோக அணுக்களைத் தள்ளித் தள்ளி ஈற்றிற் கோட்டையே அறுத்துவிடுகின்றன. இவ்விறுதி நோயை ஆராய்ந்த ஜேம்ஸ் பிளாக் என்பார், மின்னோட்ட அடர்த்தி இருமடங்கானால் ஆயுள் நாலிலொன்றாகக் குறையும் எனவும், வெப்பமும் அதனைக் குறைக்கும் எனவும் 1969இற் காட்டினார்.

வெப்பத்தால் இரசாயனத் தாக்கங்கள் எவ்வளவு விரைவடையும் என்பதை 1889இல் ஆராய்ந்தவர் சுவீடன் தேசத்து அறிஞர் ஸ்வாந்தே அரீனியஸ். கரும்புச் சீனி அமிலத்தால் மாறுதலடையும் வேகத்தை அவர் எடுத்து நோக்கினார். தாக்கம் நிகழ ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு தடைமதிலைத் தாண்டவேண்டும். தாண்டப் போதிய சக்தி உடையவை சிலவே. வெப்பநிலை உயர அவற்றின் தொகை பெருகுகின்றது. அம்மதிலின் உயரமே ஏவற்சக்தி எனப்படுகின்றது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். நுண்சுற்றுத் துண்டுகளை 125 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் 1,000 மணித்தியாலம், அதாவது ஏறக்குறைய ஆறு வாரம், இயக்கிப் பார்ப்பது வழக்கம். அத்துண்டின் மூப்புக்குரிய ஏவற்சக்தி 0.7 இலத்திரன்வோல்ற்று எனக் கொண்டால், 55 பாகையில் நிகழ்வதைவிட 125 பாகையில் மூப்பு 78 மடங்கு விரைவாக நிகழும். ஆகவே அந்த 1,000 மணித்தியாலம் 78,000 மணித்தியாலத்துக்கு ஈடாகும். ஏறக்குறைய ஒன்பது ஆண்டு. ஆறு வாரத்தில் ஒன்பது ஆண்டைக் காணும் வித்தை இதுவேயாகும்.

ஆனால் மாணவர்கள் மயங்கிவிடலாகாது. அதே ஏவற்சக்தி 0.7 அன்றி 0.5 என வைத்துக் கணித்துப் பார்க்க. 78 மடங்கு என்பது 22 மடங்காகிவிடும். ஒன்பது ஆண்டு இரண்டரை ஆண்டாகச் சுருங்கிவிடும். சோதனை அதே சோதனை. வெப்பம் அதே வெப்பம். ஊகித்த ஒரு தசமத்தானம் மாறியதும் ஆறாண்டுக்கு மேல் மறைந்துபோயிற்று. ஆதலின் நேர்மையான ஆய்வாளன் ஏவற்சக்தியை ஊகித்து எடுப்பதில்லை. இரண்டு மூன்று வெப்பநிலைகளில் வெவ்வேறு கூட்டங்களை வைத்துச் சோதித்து, அளந்து எடுக்கின்றான்.

கூட்டம் என்றது ஏனெனில், ஒன்றை மட்டும் சோதித்து யாதும் கூறமுடியாது. ஒரே நாளில் ஒரே கையாற் செய்யப்பட்டவையும் ஒரே நாளிற் கெடுவதில்லை. சில இளமையிலேயே மடியும். பல நடுவயதைக் கடக்கும். எஞ்சியவை மூப்பில் அடுத்தடுத்து வீழும். இப்பரம்பலை விளக்கும் சமன்பாடொன்றைச் சுவீடன் தேசத்துப் பொறியியலாளர் வலோடி வைபுல் 1951இல் வெளியிட்ட கட்டுரையிற் பரவச் செய்தார். உருக்கின் வலிமையை மட்டுமன்றி, இந்தியப் பருத்தி நாரின் வலிமையையும் அவரை விதையின் அகலத்தையும் அவர் அதே கட்டுரையில் எடுத்துக்காட்டாக வைத்தமை படிப்போர்க்குச் சுவை தருவதாகும்.

படிப்படியாக ஏறும் தகைப்பு

பௌதிக மாணவர் தகைப்பு எனப் படிப்பது ஒரு பொருளை வருத்தும் விசையை. இலத்திரனியற் சோதனையில் வெப்பம், மின்னழுத்தம், ஈரப்பதன், அதிர்வு ஆகிய யாவும் தகைப்பாகவே எண்ணப்படும். 85 பாகை வெப்பமும் 85 சதவீத ஈரப்பதனும் கொண்ட பெட்டியினுள் 1,000 மணித்தியாலம் வைத்தல் பெயர்பெற்ற சோதனைகளுள் ஒன்று.

இனி ஓர் இடர் எழுகின்றது. நன்கு செய்யப்பட்ட பொருளை ஒரே தகைப்பில் வைத்தால், ஆறு வாரம் கழிந்தும் ஒன்றேனும் கெடாதிருக்கலாம். ஒன்றும் கெடாவிடின் மூப்பின் வரலாற்றை எங்ஙனம் அறிவது? எடுத்த எடுப்பிலேயே தகைப்பை மிக உயர்த்தினாலோ, காய் வெந்த கதையாகிவிடும். ஆகவே ஆய்வாளர் படிக்கட்டு முறையொன்றைக் கையாளுகின்றனர். குறித்த நேரம் ஒரு தகைப்பு. தப்பியவற்றுக்கு அடுத்த படி. அதிலும் தப்பியவற்றுக்கு மேலும் ஒரு படி. சில நாளில் எல்லாம் விழுந்துவிடும்.

விழுந்தன சரி. இப்படிப் பல தகைப்புகளைக் கண்டு இறந்த பொருளின் வாழ்நாளை, ஒரே தகைப்பில் வீட்டில் வாழப்போகும் பொருளின் வாழ்நாளாக மாற்றுவது எங்ஙனம்? இதற்கு அரிக்கன் லாம்பை நினைத்துக்கொள்ளலாம். திரியைத் தாழ்த்தினால் பத்து மணித்தியாலம் எரியும் லாம்பு, திரியை உயர்த்தினால் இரண்டு மணித்தியாலம் எரியும் என்று வைப்போம். தாழ்த்தி ஐந்து மணித்தியாலம் எரித்தபின் உயர்த்தினால் இன்னும் எவ்வளவு நேரம் எரியும்? எண்ணெயிற் பாதி போயிற்று, பாதி எஞ்சியது. ஆகவே ஒரு மணித்தியாலம். எண்ணெய் எவ்வாறு குறைந்தது என்பதை லாம்பு நினைவில் வைப்பதில்லை. எவ்வளவு எஞ்சியது என்பதே கணக்கு.

இக்கருத்தைக் குண்டுப்போதிகைகளின் தேய்வுக்கு 1924இற் பயன்படுத்தியவர் சுவீடன் தேசத்துப் பாம்கிரென். உலோகங்கள் களைத்து முறிவதற்கு 1945இல் விரித்துரைத்தவர் அமெரிக்கரான மைனர். படிக்கட்டுச் சோதனைக்கு ஏற்றபடி, புள்ளிவிபர முறையிற் செப்பனிட்டு 1980இல் வெளியிட்டவர் வெயின் நெல்சன். தனியொரு பொருளில் எஞ்சிய எண்ணெயை எவராலும் காணமுடியாது. ஆதலால், கூட்டத்தில் இதுவரை எத்தனை பங்கு கெட்டிருக்கும் என்பதையே அவர் அளவுகோலாகக் கொண்டார். எஞ்சியவை அதே பங்கிலிருந்து புதிய தகைப்பில் தம் வாழ்வைத் தொடரும் என்பது அவர் கொள்கை.

இக்கொள்கையில் ஒரு நிபந்தனை அடங்கியிருக்கின்றது. திரியை மிக உயர்த்தியதனால் லாம்பின் கண்ணாடி வெடித்துவிட்டால், எண்ணெய்க் கணக்கு எதற்கும் உதவாது. அது வேறொரு மரணம். ஒவ்வொரு படியிலும் விழுந்தவற்றைத் திறந்து, எல்லாம் ஒரே நோயாலேயே மாண்டனவா என்று நோக்காதவன் செய்த கணக்கு, எத்தனை தசமத்தானத்திற்கு எழுதப்பட்டிருப்பினும் கணக்கன்று.

எதிர்பாராத தகைப்பு

நோய் மாறும் ஆபத்து ஒன்று. நாம் நினைத்தே பாராத தகைப்பு வந்து சேரும் ஆபத்து மற்றொன்று. இதற்கு டெல்ஸ்டார் செய்மதியின் வரலாறு தக்க சான்றாகும்.

கடலடி வடத்துக்குக் குழாய்களைத் தெரிந்த அதே பெல் ஆய்வுகூடமே டெல்ஸ்டாரையும் அமைத்தது. ஆயிரத்துக்கும் அதிகமான திரான்சிஸ்டர்கள் அதில் இருந்தன. 1962 ஜூலை 10ஆந் திகதி அது விண்ணில் ஏவப்பட்டு, அத்திலாந்திக்கின் இரு கரைகளுக்கும் இடையே தொலைக்காட்சிப் படங்களை அனுப்பி உலகை வியப்பில் ஆழ்த்தியது. ஆனால் அதற்கு முதல்நாள், ஜூலை 9ஆந் திகதி, பசிபிக் சமுத்திரத்தின் மேலே ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில் அமெரிக்கா ஓர் அணுக்குண்டை வெடித்துச் சோதித்திருந்தது. அதனால் எழுந்த கதிர்வீச்சு, பூமியைச் சூழ்ந்துள்ள வலயங்களில் மிகுதியாகத் தங்கிவிட்டது. டெல்ஸ்டார் அவ்வலயங்களினூடே மீண்டும் மீண்டும் செல்ல நேர்ந்தது. நவம்பரில் அது தரையிலிருந்து செல்லும் கட்டளைகளுக்குக் கீழ்ப்படிய மறுத்தது.

பொறியியலாளர் அதே வகைத் திரான்சிஸ்டர்களை ஆய்வுகூடத்திற் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி நோயை மீண்டும் உண்டாக்கினர். மின்னழுத்தத்தை நீக்கினால் அவை ஓரளவு தேறுவதையும் கண்டனர். அதற்கேற்ற தந்திரமான கட்டளைகளை அனுப்பி, 1963 ஜனவரியிற் செய்மதியை உயிர்ப்பித்தனர். எனினும் பெப்ரவரியில் அது மீண்டும் ஓய்ந்தது, பின் எழவில்லை.

கடலின் அடித்தளம் ஆண்டு முழுவதும் ஒரே குளிர்ச்சியும் அமைதியும் உடையது. அங்கே என்ன நேரும் என்பதை முன்னரே கூறமுடிந்தது. விண்வெளியிலோ, ஏவுவதற்கு முதல்நாள் மனிதரே புதியதொரு தகைப்பை ஆக்கிவிட்டனர். எந்தச் சோதனையும், தான் கேட்ட கேள்விக்கே விடை கூறும். கேளாத கேள்விக்கு அதனிடம் விடை இல்லை.

குமிழைத் திறந்தபோது

மாணவன் கொண்டுவந்த குமிழை ஆய்வுகூடத்தில் வைத்துத் திறந்தோம். (ஒடுக்கியில் மின்னேற்றம் எஞ்சியிருக்கக்கூடும், பிள்ளைகள் தாமாக இதனைச் செய்யலாகாது.) ஒளிகாலும் இருவாயிகள் பழுதின்றி இருந்தன. அடியிலுள்ள சிறு ஒடுக்கியின் தலை புடைத்திருந்தது. அதன்மேல் 105 பாகை என எழுதியிருந்தது.

இத்தகைய ஒடுக்கிகளுள் எளிய வகையொன்றுக்குச் செய்வோர் கூறும் ஆயுள், 105 பாகையில் 2,000 மணித்தியாலம். வெப்பநிலை பத்துப் பாகை குறைய ஆயுள் இருமடங்காகும் என்பது துறையினர் கைக்கொள்ளும் விதி. எனவே 85 பாகையில் 8,000 மணித்தியாலமும் 65 பாகையில் 32,000 மணித்தியாலமும் அது உழைக்கும். "குமிழை எங்கே பூட்டியிருந்தீர்கள்?" என்று கேட்டோம். தகரக் கூரையின் கீழ், பூச்சி விழாதபடி முழுதும் மூடிய கண்ணாடிக் கூட்டினுள் என்றான். அக்கூட்டினுள்ளே ஒடுக்கியின் வெப்பம் 105 பாகையைத் தொட்டிருக்குமாயின், இரவுக்கு ஐந்து மணித்தியாலமாக 400 இரவுகள். ஓராண்டும் ஐந்து கிழமையும்!

இரண்டாமவனின் வினாவுக்கும் விடை கூறினோம். எல்.ஈ.டி. துண்டுகளைக் குறைந்தது 6,000 மணித்தியாலம் எரித்து ஒளி குன்றும் போக்கை அளக்கும் முறையை, அமெரிக்க ஒளியூட்டற் பொறியியற் சங்கம் 2008இல் வகுத்தது. அதிலிருந்து எதிர்காலத்தை ஊகிக்கும் முறையை 2011இல் வகுத்தபோது, எரித்துக் கண்ட காலத்தின் ஆறு மடங்குக்கு மேற் கூறலாகாது என எல்லையும் இட்டது. இத்தகைய முறைகளில், பெட்டியிற் காணும் ஆயுள் கண்ணாற் கண்டதன்று, கண்டதிலிருந்து உய்த்துணர்ந்தது. அதுவும் துண்டின் ஒளிக்குரியதேயன்றி, பக்கத்திலிருந்து வேகும் ஒடுக்கிக்குரியதன்று.

ஆகவே, பெட்டியிலுள்ளது பொய்யா? ஒரு நிபந்தனையோடு கூடிய உண்மை நிபந்தனையை விட்டுத் தனியே வந்து நின்றால், வாங்குபவனுக்கு அது பொய்யாகவே முடியும். "இத்தனை பாகை வெப்பத்தில், காற்றோட்டமுள்ள இடத்தில்" என்ற ஒரு வரி அப்பெட்டியிற் பெரிய எழுத்தில் இருந்திருக்குமாயின், ஓர் ஏழைத் தாயின் பணம் வீணாகியிராது. காலத்தை விரைவுபடுத்துவோன், எவ்வழியாக விரைவுபடுத்தினான் என்பதையும் கூறக் கடமைப்பட்டவன்.

மாணவர்க்கு ஒரு வேலை தருகின்றோம். ஒரே வகையான பழைய இழைக் குமிழ்கள் பதினைந்தை எடுத்துக்கொள்க. மின்கலத்தில் எரியும் சிறு குமிழ்களே போதும். தங்குதன் இழையின் ஆயுள், மின்னழுத்தத்தின் ஏறத்தாழப் பன்னிரண்டாம் அடுக்குக்கு நேர்மாறாகக் குறையும். பத்துச் சதவீதம் கூட்டினால் மூன்றிலொன்று, இருபது சதவீதம் கூட்டினால் ஒன்பதிலொன்று. ஐந்து குமிழ்களைப் பத்துச் சதவீதம் கூட்டியும், ஐந்தை இருபது சதவீதம் கூட்டியும் எரித்து, ஒவ்வொரு கூட்டத்திலும் நடுவிலே விழுந்ததன் நேரத்தைக் குறிக்க. எஞ்சிய ஐந்தை, முதற் கூட்டத்து நேரத்திற் பாதிவரை பத்துச் சதவீதத்தில் எரித்துப் பின் இருபதுக்கு ஏற்றுக. இரண்டாம் கூட்டத்து நேரத்திற் பாதியில் அவை விழுகின்றனவா? விழுந்தால் லாம்பின் எண்ணெய்க் கணக்கு இங்கும் பொருந்தும். விழாவிடின் ஏன் என ஆராய்க. குமிழ் வெடிக்கக்கூடுமாதலாற் கண்ணாடிப் போத்தலால் மூடிவைத்தல் நன்று.

சில நாட் கழித்து அம்மாணவன் நம்மிடம் வந்தான். "புதுக் குமிழை மூடியைக் கழற்றிவிட்டுப் பூட்டியிருக்கிறோம், சேர். பூட்டிய திகதியை அதன் அடியில் எழுதி வைத்திருக்கிறேன்" என்றான். எந்தச் சோதனையும் அவ்வாறு எழுதிவைத்த ஒரு திகதியிலிருந்தே தொடங்குகின்றது. அக்குமிழ் அணையும் நாளை நமக்கும் அறிவிக்குமாறு அவனிடம் கேட்டிருக்கின்றோம்.